‘தி கிராஜுவேட்’ படத்தின் கடைசி பஸ்: அந்த இருவரும் ஏன் பேசவில்லை?

அக்டோபர் 12, மாலை. கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர் கேட்டது:

1967இல் வந்த ‘தி கிராஜுவேட்’ படத்தை நேற்றுதான் பார்த்தேன். கடைசியில் பெஞ்சமின், எலேனை சர்ச்சிலிருந்து கூட்டிக்கொண்டு ஓடி ஒரு பஸ்ஸில் ஏறுகிறான். கடைசி சீட்டில் உட்கார்ந்து இருவரும் சிரிக்கிறார்கள். அப்புறம் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடுகிறது. ஒரு வார்த்தை பேசவில்லை. படம் முடிந்துவிட்டது. தப்பு பண்ணிவிட்டோம் என்று இருவருக்கும் அந்த நிமிஷம் புரிந்துவிட்டது, அவ்வளவுதான் அர்த்தம். இதைக் காதல் படம் என்று சொல்வதே தவறு. வேறு மாதிரி நினைப்பவர்கள் உண்டா?

அக்டோபர் 12, இரவு 10.40

நான் வேறு மாதிரிதான் நினைக்கிறேன். தம்பி அவசரப்பட்டுத் தீர்ப்பு சொல்லிவிட்டார்.

சிரிப்பு நின்றால் மனம் மாறிவிட்டது என்று ஆகிவிடுமா? அவன் எவ்வளவு தூரம் ஓடி வந்திருக்கிறான்! காரில் பெட்ரோல் தீர்ந்து, அதை அப்படியே விட்டுவிட்டு ஓடி, சர்ச்சின் மேல்தளக் கண்ணாடியைத் தட்டித் தட்டி அவள் பெயரைக் கத்தி, மறித்தவர்களை ஒரு பெரிய சிலுவையை வீசி விலக்கி, அதையே கதவுக்குத் தாழ்ப்பாளாகச் செருகிவிட்டு வந்திருக்கிறான். அப்படி வந்து உட்கார்ந்தவனுக்கு முதலில் வேண்டியது மூச்சு. பேச்சு அப்புறம். தாலி கட்டுவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டோம் என்ற நிம்மதி வேறு.

இந்தக் காட்சியைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. 1997 பிப்ரவரியில் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் இப்படித்தான் ஒரு பஸ்ஸின் கடைசி சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். பக்கத்தில் இன்று என் வீட்டுக்காரராக இருப்பவர். நாங்களும் பேசவில்லை. அது வருத்தம் இல்லை. நாளை எழுதுகிறேன்.

அக்டோபர் 13, காலை 6.15

ஒரு திருத்தம். தாலி கட்டுவதற்கு முன்னால் என்று எழுதியது தவறு. படத்தில் பெஞ்சமின் போய்ச் சேரும்போது சடங்கு முடிந்துவிட்டது. எலேன் சட்டப்படி இன்னொருவனின் மனைவி ஆகிவிட்டாள். 1963இல் சார்லஸ் வெப் எழுதிய மூல நாவலில்தான் அவன் சடங்கு முடிவதற்குள் வந்து சேர்கிறான். இயக்குநர் மைக் நிக்கோல்ஸ் இதை மாற்றிவிட்டார்.

நம் படங்களில் ‘நிறுத்துங்க!’ என்ற குரல் எப்போதும் மூன்றாவது முடிச்சுக்கு முன்னால்தான் கேட்கும். அதைப் பார்த்து வளர்ந்த ஞாபகம்தான் என்னை அப்படி எழுத வைத்தது. முடிச்சு விழுந்த பிறகும் அவள் இறங்கி ஓடுகிறாள் என்றால், அந்தப் பஸ்ஸில் அவள் சுமந்துகொண்டு உட்கார்ந்திருப்பது நான் நினைத்ததைவிடப் பெரிய பாரம். இருந்தாலும் தப்பு என்று புரிந்துவிட்டது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அக்டோபர் 13, இரவு 9.50

சொன்னபடி எழுதுகிறேன்.

டைப்ரைட்டிங் கிளாஸுக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வெலிங்டனிலிருந்து குன்னூர் பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே வந்தேன். துணிப்பையில் ஒரு சேலை, எஸ்.எஸ்.எல்.சி. சர்டிபிகேட், இருநூற்று முப்பது ரூபாய். கோவையில் வெயில்தானே என்று ஸ்வெட்டர்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. ஊட்டியிலிருந்து வருகிற கோவை பஸ் குன்னூருக்கு வரும்போதே நிறைந்திருக்கும். எங்களுக்குக் கிடைத்தது கடைசி நீள சீட்டில் நடுவில் இரண்டு பேருக்கான இடம். இந்தப் பக்கம் ஒரு பாட்டி, மூக்கருகே எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு. அந்தப் பக்கம் கேரட் மூட்டையோடு ஒருவர்.

படத்தில் பஸ்ஸில் இருக்கிற வயதானவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? எங்கள் பஸ்ஸில் யாரும் திரும்பவில்லை. ஆனால் எல்லோரும் எங்களைத்தான் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. யார் இருமினாலும் தலையைக் குனிந்துகொண்டேன்.

முதல் வளைவு திரும்புவதற்குள் கண்டக்டர் வந்துவிட்டார். விரலில் ரப்பர் உறை, கையில் டிக்கெட் கட்டு. என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். “ரெண்டு பேரும் ஒண்ணா?” என்று கேட்டார். டிக்கெட் சேர்த்தா, தனியா என்பதுதான் அவர் கேட்டது. ஆனால் நான்கு வருஷமாக நாங்கள் யாரிடமும் சொல்லாத விஷயத்தை உலகத்திலேயே முதல்முதலாக ஒரு ஆள் கேட்டுவிட்டார். “ஒண்ணுதான்” என்றேன். குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

அப்புறம் காட்டேரி தாண்டி, பர்லியார் தாண்டி, கல்லாறு பாக்குத் தோப்பு வந்து முகத்தில் அனல் அடிக்கிற வரை நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. பயம் இருந்தது. அம்மா ஞாபகம் இருந்தது. ஆனால் இறங்கிப் போய்விடலாம் என்று ஒரு தரம்கூட நினைக்கவில்லை. பர்லியாரில் டீக்கு நின்றபோது இறங்கியிருக்கலாம். எதிரே குன்னூர் போகிற பஸ் நின்றுகொண்டிருந்தது.

அதனால்தான் சொல்கிறேன் தம்பி. நான்கு வருஷம் எப்போது கிளம்புவது, எப்படிக் கிளம்புவது என்பதை மட்டுமே பேசியிருந்தோம். கிளம்பியாகிவிட்டது. அடுத்த பேச்சு இன்னும் பிறக்கவில்லை. அந்த இருவருக்கும் அதுதான்.

அக்டோபர் 15

இயக்குநர் என்ன நினைத்தார் என்று கூடலூரிலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார். நிக்கோல்ஸே சொல்லியிருக்கிறார். போக்குவரத்தை நிறுத்தி, போலீஸ் காவலோடு எடுத்த காட்சி அது. திரும்பத் திரும்ப எடுக்க முடியாது, ஏறி உட்கார்ந்து சிரியுங்கள் என்று பெஞ்சமினாக நடித்த டஸ்டின் ஹாஃப்மனிடமும் எலேனாக நடித்த கேதரின் ராஸிடமும் கடுமையாகச் சொல்லியிருக்கிறார். அவர்கள் மிரண்டுபோய்ச் சிரித்தார்கள். காமிரா ஓடிக்கொண்டே இருந்தது. சிரித்து முடித்த பிறகு என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. எடுத்ததைப் பிறகு போட்டுப் பார்த்தபோதுதான், இதுதான் படத்தின் முடிவு என்று அவருக்குத் தெரிந்தது.

அதாவது அந்த முகங்களில் தெரிவது நடிகர்களின் நிஜமான தவிப்பு. அடுத்து என்ன என்று தெரியாத இரண்டு பேர், அடுத்து என்ன என்று தெரியாத இரண்டு பேராக.

இருவரும் கடைசியில் அவரவர் அப்பா அம்மா மாதிரியேதான் ஆவார்கள் என்றும் நிக்கோல்ஸ் சொல்லியிருக்கிறார். அதை வைத்துத் தம்பி ஜெயித்துவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எடுத்தவருக்கு அப்படித் தோன்றியது. எடுத்து முடித்த படம் அவர் சொன்னதை மட்டும் சொல்வதில்லை.

அக்டோபர் 18, இரவு 11.30

மூன்று நாளாக மழை. மலை ரயில் நிறுத்தம். லீவு போட்டுப் படத்தை மறுபடி முழுசாகப் பார்த்தேன். கடைசி இரண்டு நிமிஷத்தை மட்டும் ஏழெட்டு தடவை ஓட்டினேன். இப்போது எனக்குக் கொஞ்சம் கலக்கமாக இருக்கிறது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டு முன்னால் திரும்புகிறார்கள் என்றுதான் இத்தனை வருஷமாக என் மனதில் இருந்தது. அப்படி இல்லை. அவள் திரும்பி அவனைப் பார்க்கிறாள். முகத்தில் இன்னும் சிரிப்பு இருக்கிறது. அவன் பார்க்கவில்லை. நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருக்கிறான். அதற்கப்புறம்தான் அவள் சிரிப்பு இறங்குகிறது. அவளும் முன்னால் திரும்பிக்கொள்கிறாள். நான் ‘இருவரின் மௌனம்’ என்று எழுதிக்கொண்டே வந்தேன். அங்கே மௌனம் ஒன்றில்லை, இரண்டு.

நாவலின் கடைசியில் அவள் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். ‘என்ன’ என்கிறான். பஸ் கிளம்புகிறது. படத்தில் அந்தக் கூப்பிடுதலும் இல்லை, அந்த ‘என்ன’வும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இன்னொன்றும் இந்தத் தடவைதான் பிடிபட்டது. படத்தின் தொடக்கத்தில் விமான நிலையத்தில் நகரும் நடைபாதையில் பெஞ்சமின் நிற்கிறான். அவன் நடக்கவில்லை, தரை அவனைக் கொண்டுபோகிறது. பின்னால் சைமனும் கார்ஃபங்கலும் பாடுகிறார்கள். முடிவில் பஸ் அவனைக் கொண்டுபோகும்போதும் அதே பாட்டு. நடுவில் சர்ச்சை நோக்கி உயிரைக் கொடுத்து ஓடுகிறானே, அந்தக் காட்சியை வெகு தூரத்திலிருந்து டெலிஃபோட்டோ லென்ஸில் எடுத்திருக்கிறார்கள். ஓடிக்கொண்டே இருக்கிறான், ஓர் அடிகூட முன்னால் வராத மாதிரி இருக்கிறது. ஓடும்போது நகராதவன், சும்மா இருக்கும்போது நகர்கிறான். பஸ்ஸில் உட்கார்ந்ததும் அவன் மறுபடி பழைய இடத்துக்கே போய்விட்டானோ என்ற சந்தேகம் எனக்கும் வந்துவிட்டது.

தம்பி சொன்னதில் பாதி சரி. இப்போது அவ்வளவுதான் சொல்வேன்.

அக்டோபர் 19

“உங்கள் காதலையும் இதையும் எப்படி ஒப்பிடலாம்? அவன் அந்தப் பெண்ணின் அம்மாவோடு உறவு வைத்திருந்தவன்” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. நான் அதைத் தாண்டிப் போனது சரியில்லை.

எலேனின் அம்மா மிஸஸ் ராபின்சன் அந்தப் பஸ்ஸில் ஏறவில்லை, ஆனால் அந்த சீட்டில் இருக்கிறாள். அவன் எலேனைத் திரும்பிப் பார்க்காததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். சர்ச்சில் அம்மா, காலம் கடந்துவிட்டது என்கிறாள். எனக்கு இல்லை என்று மகள் பதில் சொல்கிறாள். அந்த அம்மாவின் கதையை நினைத்துப் பாருங்கள். கல்லூரியில் ஓவியம் படித்துக்கொண்டிருந்தவள். எலேன் வயிற்றில் வந்ததால் கல்யாணம் செய்துகொண்டவள். ‘காலம் கடந்துவிட்டது’ என்பதை அவள் தன்னைப் பார்த்தேதான் சொல்லிக்கொள்கிறாள். அவளாக நடித்த ஆன் பேன்கிராஃப்டுக்கு ஹாஃப்மனைவிட ஆறு வயதுதான் அதிகம். ஆனாலும் ஒரு தலைமுறையின் களைப்பு முழுவதையும் அந்த முகத்தில் கொண்டுவந்துவிட்டார். சின்ன வயதில் பார்த்தபோது எனக்கு அவள் வில்லி. இப்போது அவள் வருகிற காட்சிகளில்தான் நெஞ்சு அடைக்கிறது.

அக்டோபர் 20, காலை

நேற்று ராத்திரி வீட்டுக்காரரிடம் இதையெல்லாம் படித்துக் காட்டினேன். கண்டக்டர் வருகிற இடம் வரை பேசாமல் கேட்டார். அப்புறம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“நான் பேசிக்கிட்டேதான வந்தேன்.”

எப்போது என்றேன். காட்டேரிக்குக் கீழே ஆரம்பித்து பர்லியார் வரைக்கும் பேசினாராம். லேத் பட்டறை முதலாளி இரண்டு மாத அட்வான்ஸ் தருவதாகச் சொன்னது, சிங்காநல்லூரில் பார்த்து வைத்த ஒற்றை அறை, அதில் தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம் மட்டும் வரும் என்பது, எல்லாம். நான் பதிலே சொல்லாமல் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தேனாம். “சரி, மனசு மாறிடுச்சு போலன்னு நெனச்சேன். பர்லியார்ல நீ எறங்கிப் போயிருவேன்னு பயந்துட்டு டீ குடிக்கவே நான் எறங்கல.”

எனக்கு ஒரு நிமிஷம் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்புறம்தான் புரிந்தது. காது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே மலை இறங்கினால் காது அடைத்துக்கொள்ளும். குன்னூர் ஆறாயிரம் அடி, மேட்டுப்பாளையம் ஆயிரம் அடி. ஒரு மணி நேரத்தில் அவ்வளவு இறங்கும்போது வெளியே காற்றின் அழுத்தம் ஏறுகிறது. காதுக்கும் தொண்டைக்கும் நடுவில் இருக்கிற குழாய் திறந்து கொடுத்தால்தான் உள்ளே சரியாகும். கொட்டாவி விட்டாலோ எச்சில் விழுங்கினாலோ திறக்கும். பயத்தில் வாய் உலர்ந்து போயிருந்தவளுக்கு எச்சில் எங்கே? அதோடு பஸ்ஸின் இரைச்சல். அவர் சன்னமாகப் பேசுகிறவர், சுற்றிலும் ஆட்கள் வேறு.

ஆக, அந்தப் பஸ்ஸில் மௌனம் எனக்கு மட்டும்தான் இருந்தது. அவருக்கு இருந்தது பதில் வராத பேச்சு. இருபத்தெட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இதை இப்போதுதான் தெரிந்துகொள்கிறேன்.

கண்டக்டரிடம் ‘ஒண்ணுதான்’ என்று சொன்னதும் தான்தான் என்கிறார் அவர். அதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அக்டோபர் 20, மாலை

காலையில் எழுதியதோடு சேர்த்துப் படியுங்கள். ஒரு முகத்தை வெளியிலிருந்து பார்த்து உள்ளே என்ன என்று தீர்ப்பு சொல்வது எவ்வளவு ஆபத்து என்று எனக்கே தெரிந்துவிட்டது. பர்லியாரில் யாராவது எங்கள் சீட்டுக்கு எதிரே காமிராவை வைத்திருந்தால், முன்னால் வெறித்துப் பார்க்கிற ஒரு பெண்ணும் முகம் வெளிறிய ஒரு பையனும்தான் தெரிந்திருப்பார்கள். தப்பு பண்ணிவிட்டார்கள் பாவம் என்றுதான் எல்லோரும் சொல்லியிருப்பார்கள்.

அக்டோபர் 23

‘மூன்றாம் பிறை’ முடிவையும் இதோடு பேச வேண்டும் என்று கேத்தியிலிருந்து எழுதியவருக்கு: 1982 படம், கடைசிக் காட்சி எடுத்தது உங்கள் ஊர் ஸ்டேஷனில்தான். ஆனால் அந்த முடிவில் குழப்பம் எதுவும் இல்லை. அவளுக்கு நினைவு திரும்பிவிட்டது, அவன் யார் என்று தெரியாது, ரயில் போய்விடுகிறது. நடப்பது என்ன என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. தாங்கத்தான் முடியாது.

ஆனால் உங்கள் கடிதத்தால் எனக்கு ஒன்று கிடைத்தது, நன்றி. கேத்தியில் பாலு மகேந்திரா நம்மை பிளாட்பாரத்தில் நிற்கிறவனோடு விட்டுவிடுகிறார். போனவளோடு நாம் போவதில்லை. ‘தி கிராஜுவேட்’ முழுக்க நாம் பெஞ்சமினோடுதான் இருக்கிறோம், பஸ்ஸுக்குள்ளும் அவர்களுக்கு எதிரே நிற்கிறோம். ஆனால் கடைசி ஷாட்டைப் பாருங்கள். நாம் பஸ்ஸில் இல்லை. ரோட்டில் நிற்கிறோம். பின்கண்ணாடி வழியாக இரண்டு தலைகள் தெரிகின்றன, பஸ் தூரமாகப் போகிறது. அது விட்டுவிட்டுப் போகப்பட்டவர்கள் நிற்கிற இடம். மிஸஸ் ராபின்சன் கதவைத் தள்ளி வெளியே வந்திருந்தால் அவளுக்கு இதுதான் தெரிந்திருக்கும். நான் எப்போதும் சீட்டில் உட்கார்ந்தே இந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன். ரோட்டில் நின்று ஒரு தரமும் பார்த்ததில்லை.

அக்டோபர் 24

வெப் 2007இல் இரண்டாம் பாகமாக ஒரு நாவல் எழுதினார், அதில் இருவரும் கல்யாணமாகிப் பிள்ளைகளோடு இருக்கிறார்கள் என்று ஒருவர் சுட்டியிருக்கிறார். உண்மைதான். அது நாவலின் பெஞ்சமினுக்கும் எலேனுக்கும் பொருந்தும். அந்த எலேன் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவள். படத்தின் எலேன் கூப்பிடவில்லை. அவளுக்கு நாற்பது வருஷம் கழித்து வந்த புத்தகத்தில் பதில் தேட மாட்டேன்.

நவம்பர் 2, இரவு

அம்மா நான்கு நாளாக எங்கள் வீட்டில் இருக்கிறார். எழுபத்தாறு வயது. இன்று மத்தியானம் நான் போனில் அந்தக் கடைசிக் காட்சியை ஓட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். யார் என்ன என்று கேட்கவில்லை. இங்கிலீஷ் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் அந்தக் காட்சியில் இல்லை. கல்யாண உடையில் ஒரு பெண் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பதைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“மாத்துத் துணிகூட எடுக்காம கெளம்பியிருக்கு பாரு” என்றார்.

இந்த மூன்று வாரமாக நாங்கள் இத்தனை பேர் பேசியதில் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணிடம் உடுத்தியிருக்கிற வெள்ளை கவுனைத் தவிர எதுவுமே இல்லை. ராத்திரி அதை எதற்கு மாற்றுவாள்?

நான் சேலை எடுத்துப்போனேன் என்று சொன்னேன். அந்த நாளைப் பற்றி அம்மாவும் நானும் நேராகப் பேசிக்கொண்டதே இல்லை. கல்யாணமாகி மூன்று வருஷம் கழித்து மகனைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றபோதும், “சாப்பிட்டியா” என்று மட்டும்தான் கேட்டார்.

“தெரியும். நீலச் சேலை” என்றார். “ஆனா ஸ்வெட்டர ஆணியிலேயே விட்டுட்டுப் போயிட்ட.”

அரக்கு நிறத்தில் அவர் கையால் பின்னிய ஸ்வெட்டர். சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும்.

“அன்னைக்குப் புல்லெல்லாம் வெள்ளையா உறைபனி. அந்தக் குளிர்ல டைப் கிளாஸுக்குப் போறவ ஸ்வெட்டர் போடாம போவாளா? கீழ எறங்குறவதான் போடாம போவா. நீ படி எறங்கினதுமே கதவச் சாத்த வந்தேன், பாத்தேன்.”

படி இறங்கியபோது மணி ஒன்பதுகூட ஆகவில்லை. அண்ணன் வீட்டில்தான் இருந்தான், சைக்கிள் இருந்தது. குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு இருபது நிமிஷம்.

அப்பாவிடம் எப்போது சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“சாயங்காலம்” என்றார். போனை என் கையிலிருந்து வாங்கி, அந்தப் பஸ் போகிற இடத்தை மறுபடி போடச் சொன்னார்.